ஸ்பெயர் வீலுக்கு ஓர் இடம்

பிக்கப் வாங்கும்போது என்ஜினைப் பார்க்கிறோம், பாடியின் நீளத்தை அளக்கிறோம், லண்டனின் புகைக் கட்டணமான யூலெஸ் விழுமா என்று பதிவெண்ணைப் போட்டுப் பார்க்கிறோம். குனிந்து வண்டிக்கு அடியில் பார்ப்பவர்கள் குறைவு. அங்கேதான், பின் அச்சுக்குப் பின்னால், ஒரு கம்பிவடத்தில் ஸ்பெயர் வீல் தொங்கிக்கொண்டிருக்கிறது. தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். பழைய வண்டிகளில் பல நேரம் வடம் மட்டும் இருக்கும், சக்கரம் இருக்காது. சக்கரம் இருந்தாலும் வடம் துருப்பிடித்து இறங்க மறுக்கும்.

இந்த அத்தியாயம் லண்டனில் பிக்கப் வைத்துத் தொழில் செய்கிறவர்களுக்கானது. கட்டட வேலை, தோட்ட வேலை, கேட்டரிங், கோயில் திருவிழாக்களுக்குப் பந்தலும் ஜெனரேட்டரும் ஏற்றுகிறவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். சரக்கு ஏற்றும் பின்பகுதியை நம் ஊர் லாரிக்காரர்கள் சொல்வதுபோல் பாடி என்றே எழுதுகிறேன். இடதுபக்கத்தைக் கிளீனர் பக்கம் என்கிறேன். இங்கும் சாலையின் இடதுபுறம்தான் ஓட்டுகிறோம் என்பதால், கிளீனர் பக்கம் என்றால் நடைபாதைப் பக்கம். சக்கரத்துக்கு இடம் தேடும்போது இந்த விஷயம் பெரிதாக உதவும்.

முதலில் சட்டம். பிரிட்டனில் ஸ்பெயர் வீல் வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புதிய கார்கள் பலவற்றில் அதற்குப் பதில் ஒரு பசைப் புட்டியும் சின்னக் காற்று பம்பும்தான் வருகின்றன. டயரின் தரைபடும் பகுதியில் ஆணி குத்தினால் அந்தப் பசை உதவும். பள்ளத்தில் இறங்கியோ, நடைபாதை விளிம்பில் உரசியோ பக்கச்சுவர் கிழிந்தால் அதனால் பயனில்லை. லண்டன் தெருக்களில் பாரம் ஏற்றிய வண்டிக்கு இரண்டாவது வகைச் சேதத்துக்குக் குறைவே கிடையாது.

பிக்கப்புக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சாலையோர உதவிக்கு வரும் வண்டிகள் எல்லாக் காருக்கும் பொருந்தும்படி ஒரு பொதுச் சக்கரத்தைக் கொண்டுவருவது உண்டு. அது நான்கு, ஐந்து ஸ்டட் உள்ள கார்களை மனதில் வைத்துச் செய்தது. ஹைலக்ஸ், ரேஞ்சர், எல்200, டி-மேக்ஸ் ஆகிய நான்கு சக்கர இயக்க பிக்கப்புகளில் ஒரு சக்கரத்துக்கு ஆறு ஸ்டட். பொதுச் சக்கரம் பொருந்தாவிட்டால் உங்கள் வண்டியைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். பாடியில் மறுநாள் காலை வேலைக்கான சாமான்கள் இருந்தால் அவையும் சேர்ந்தே போகும். அதனால் பிக்கப் வைத்திருப்பவர் முழு அளவு ஸ்பெயர் வீல் ஒன்றைச் சுமந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எங்கே சுமப்பது என்பதைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

எடுக்கும் நேரத்தை நினைத்து இடம் பாருங்கள்

பெரும்பாலானோர் டேப்பை எடுத்து, சக்கரம் எங்கே நுழையும் என்று அளக்கத் தொடங்குகிறார்கள். அளவு முக்கியம்தான், ஆனால் அது இரண்டாவது வேலை. முதலில் யோசிக்க வேண்டியது இது: நவம்பர் மாத இரவு, மழை, பாடி நிறையச் சாமான், நீங்கள் தனியாள், வண்டி ஒரு குறுகிய தெருவில் நிற்கிறது. அந்த நிலையில் சக்கரத்தை உங்களால் தரைக்கு இறக்க முடியுமா? முடியாது என்றால், எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் அது இடமில்லை.

எடையைத் தெரிந்துகொண்டால் இது ஏன் என்று புரியும். பிக்கப்பில் பரவலாக வரும் 265/65 ஆர்17 டயர், இரும்பு ரிம்மோடு சேர்த்து 30 கிலோவைத் தாண்டும். பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான எச்எஸ்இ, உடலோடு ஒட்டி இடுப்பு உயரத்தில் தூக்குவதற்கு ஆண்களுக்கு 25 கிலோ, பெண்களுக்கு 16 கிலோ என்று வழிகாட்டு அளவு வைத்திருக்கிறது. தோளுக்கு மேலே என்றால் அந்த அளவு இன்னும் வெகுவாகக் குறைகிறது. ஆகவே இடுப்பு உயரத்தில்கூட இந்தச் சக்கரம் ஒருவர் தூக்கும் பாரம் அல்ல. உருட்டலாம், சாய்க்கலாம், வின்ச்சில் இறக்கலாம். தூக்கித்தான் ஆக வேண்டும் என்கிற எந்த இடத்தையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

அளவையும் சொல்லிவிடுகிறேன், எல்லாக் கணக்குக்கும் அது வேண்டும். 265/65 ஆர்17 டயரின் விட்டம் ஏறக்குறைய 776 மி.மீ., அகலம் 265 மி.மீ. இப்போதைய வண்டிகளில் வரும் 265/60 ஆர்18 டயரின் விட்டமும் 775 மி.மீ. அளவில்தான் இருக்கிறது. சிலர் தோற்றத்துக்காகவோ சேற்று நிலத்துக்காகவோ 285/70 ஆர்17 போடுகிறார்கள். அது 831 மி.மீ. ஐந்தரை சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். பாடிக்கு அடியில் உள்ள இடமோ கம்பெனி டயருக்கென்று அளந்து விட்டது. அங்கே பெரிய சக்கரம் சமமாக உட்காராமல் சாய்ந்து தொங்கும். ஸ்பெயர் வீலுக்கு வேறு இடம் தேட வேண்டிய நிலை பலருக்கு இப்படித்தான் வருகிறது.

அடியிலேயே இருக்கட்டும், முடிந்தவரை

கம்பெனி கொடுத்த இடத்தை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். அதற்குப் பெரிய சிறப்பு ஒன்று உண்டு: சக்கரத்தைத் தூக்கவே வேண்டாம். பின் பம்பரில் உள்ள துளை வழியாகக் கம்பியை நுழைத்துச் சுற்றினால் வடம் இறங்கும், சக்கரம் தரையில் படுக்கும், வெளியே இழுத்து நிமிர்த்தி உருட்டிப் போகலாம். பாடியில் ஒரு டன் மணல் இருந்தாலும் கவலையில்லை. எடை தாழ்வாக இருப்பதால் வளைவுகளில் வண்டி ஆடுவதில்லை. பாடியில் ஓர் அங்குலம்கூடக் குறைவதில்லை.

இதற்கு எதிரி உப்பு. குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையில் தூவும் உப்பு, பின்சக்கரங்கள் வாரியடிக்கும் தண்ணீரோடு நேராக அந்த வின்ச்சில்தான் போய் விழுகிறது. இரண்டு மூன்று குளிர்காலம் தொடாமல் விட்டால் வடம் பல்சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும். மருந்து எளிது. ஆண்டுக்கு இரண்டு முறை, குளிர் தொடங்குமுன் ஒன்றும் முடிந்தபின் ஒன்றுமாக, சக்கரத்தை முழுக்க இறக்குங்கள். வடத்தையும் வின்ச்சையும் நன்னீரில் கழுவி, காயவிட்டு, கிரீஸ் பூசுங்கள். வடத்தில் ஓர் இழை அறுந்திருந்தாலும் வின்ச்சை மாற்றிவிடுங்கள். சக்கரத்தை மறுபடி ஏற்றும்போது டயரின் காற்றையும் பாருங்கள். காற்றில்லாத ஸ்பெயரைப் பல ஆண்டுகள் சுமந்து திரிகிறவர்கள் ஏராளம்.

டோபார் பொருத்தியவர்கள் இன்னொன்றைச் சோதிக்க வேண்டும். சில டோபார்களின் குறுக்குச் சட்டம் கம்பி நுழையும் துளையை மறைத்துவிடும், அல்லது சக்கரம் வெளியே வரும் வழியில் குறுக்கே நிற்கும். டோபார் போட்ட அன்றே, அதே கடையில் நின்று, சக்கரத்தை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

திருட்டு அடுத்த கவலை. அடியில் தொங்கும் சக்கரத்தின் வடத்தை வெட்டினால் சக்கரம் கையில் வந்துவிடும். தெருவில் இரவு நிறுத்துகிறவர்களுக்கு இது உண்மையான அபாயம். வின்ச் துளையை மூடும் பூட்டு உண்டு, ஆனால் வடத்தையே வெட்டுகிறவரிடம் அது பயன்படாது. சக்கரத்தின் நடுத்துளை வழியாகச் சேசிஸோடு பிணைக்கும் தடித்த சங்கிலியோ பூட்டோ வேண்டும். வாங்கும்போது சோல்ட் செக்யூர் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டுகளைச் சோதித்துத் தரம் தரும் பிரிட்டிஷ் அமைப்பு அது. பூட்டின் சாவித்துளை கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டி, ரப்பர் மூடி போடுங்கள். இல்லையென்றால் உப்பு பூட்டுக்குள்ளும் போகும்.

இவ்வளவும் செய்தும் அங்கே வைக்க முடியாதவர்கள் உண்டு. டயர் பெரிதாகிவிட்டது, அந்த இடத்தில் எல்பிஜி தொட்டி வந்துவிட்டது, டிப்பராக மாற்றும்போது வின்ச்சைக் கழற்றிவிட்டார்கள், அல்லது முதுகுவலியால் தரையில் படுத்து எழ முடியாது. சேசிஸுக்கு அடியிலேயே வேறொரு மூலை கிடைக்குமா என்று சிலர் தேடுவார்கள். பழைய வண்டிகளில் கிடைத்தது. யூலெஸ் வரம்புக்குள் வரும் யூரோ 6 டீசல் வண்டிகளில் புகை வடிகட்டியும், பலவற்றில் ஆட்புளூ தொட்டியும் அந்த மூலைகளைப் பிடித்துக்கொண்டன. கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்யும்போது புகை வடிகட்டி கொதிக்கும் சூடு கொள்ளும். அதன் அருகே ரப்பரைத் தொங்கவிடவே கூடாது. அதனால் அடுத்த இடம் மேலேதான்.

பாடிக்குள் நிறுத்தி வைப்பது

பாடித் தளத்தில் சக்கரத்தைப் படுக்க வைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். டபுள் கேப் பிக்கப்பின் பாடி ஏறக்குறைய 1.5 மீட்டர் நீளம்தான். அதில் 78 செ.மீ. சக்கரத்தைப் படுக்க வைத்தால் நீளத்தில் பாதி போயிற்று. அதன்மேல் சாமான் ஏற்றினால் எடுக்கவும் முடியாது. ஒருநாள் அவசரத்துக்குச் சரி, நிரந்தர ஏற்பாடாக வேண்டாம்.

நிறுத்தி வைத்தால் கணக்கு மாறுகிறது. கேபினுக்குப் பின்னால் உள்ள முன்சுவரோடு ஒட்டி, கிளீனர் பக்க மூலையில் நிறுத்துங்கள். நீளத்தில் 27 செ.மீ. மட்டும் குறையும். அகலத்தில் 78 செ.மீ. போக, டிரைவர் பக்கம் மிச்சமிருக்கும் இடைவெளியில் பலகை, குழாய், ஏணி போன்ற நீளச் சாமான்கள் முன்சுவர்வரை போகும். எடை அச்சுகளுக்கு நடுவே விழுகிறது. பெரும்பாலான வண்டிகளில் சக்கரத்தின் மேல்விளிம்பு பாடிச் சுவருக்கு மேலே தெரியும். பின்கண்ணாடி வழியே பார்வையை அது எவ்வளவு மறைக்கிறது என்று டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தபின் துளை போடுங்கள். கிளீனர் பக்க மூலையில் இருந்தால் உள்கண்ணாடியின் பார்வை பெரும்பாலும் தப்பிக்கும்.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். பாடியின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய 85 செ.மீ. உயரம், பக்கச்சுவர் விளிம்பு 1.3 மீட்டர் இருக்கும். பக்கச்சுவருக்கு மேலாக 30 கிலோவைத் தனியாள் தூக்கி இறக்குவது ஆபத்து. சரியான வழி, டெயில்கேட்டைத் திறந்து, சக்கரத்தைப் பாடிக்குள்ளேயே பின்விளிம்புவரை உருட்டி வந்து, அங்கிருந்து சாய்த்து இறக்குவது. அதற்குப் பாடியில் சக்கரம் உருள ஒரு பாதை வேண்டும். பெட்டிகளும் கருவிகளும் ஏற்றுகிறவர்கள் அந்தப் பாதையை ஒழுங்கு செய்துகொள்ளலாம். மணல், ஜல்லி, இடிபாடு என்று கொட்டி ஏற்றுகிறவர்களுக்கு அது நடக்காது. அவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம்.

பிராக்கெட் பொருத்தும் முறைக்கு வருகிறேன். பாடித் தகடு மெல்லியது. அதில் வெறும் போல்ட்டும் வாஷரும் போட்டால், சில மாத ஆட்டத்தில் துளை நீண்டு தகடு கிழியும். தகட்டுக்கு அடியில் உள்ளங்கை அளவுக்காவது கனமான இரும்புப் பட்டை கொடுத்து இறுக்குங்கள். தளத்தின் குறுக்குச் சட்டம் ஓடும் இடமாகப் பார்த்துப் பொருத்தினால் இன்னும் நல்லது. துளையிடுமுன் வண்டிக்கு அடியில் போய்ப் பாருங்கள்: டீசல் தொட்டி, பிரேக் குழாய், மின்கம்பிகள் எங்கே ஓடுகின்றன என்று சாக்பீஸால் குறியுங்கள். துளையின் வெட்டிய விளிம்பில் துத்தநாகப் பெயிண்ட் அடிக்காமல் போல்ட் போடாதீர்கள். துரு அங்கிருந்துதான் கிளம்பும். வண்டிக்குத் துரு உத்தரவாதம் இன்னும் இருந்தால், துளையிடுவது அதைப் பாதிக்குமா என்று டீலரிடம் முதலில் கேளுங்கள்.

துளை போட மனமில்லாதவர்களுக்கும் வழி உண்டு. பாடிக்குள் கம்பெனி வைத்திருக்கும் கட்டுவளையங்களில் ராட்செட் பெல்ட் இரண்டைக் குறுக்காகப் போட்டுக் கட்டலாம். ஒவ்வொரு வளையமும் எவ்வளவு தாங்கும் என்பது வண்டிக் கையேட்டில் இருக்கும். பெல்ட்டின் மேல் ஈஎன் 12195-2 என்ற தர எண்ணும் அது தாங்கும் அளவும் அச்சிட்ட சீட்டு தைத்திருக்க வேண்டும். சீட்டு இல்லாத பெல்ட்டைச் சந்தையில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சரக்கைக் கட்டுவதற்கு வாகனத் தரக் கண்காணிப்பு அமைப்பான டிவிஎஸ்ஏ சொல்லும் கணக்கு இது: கட்டு, முன்னோக்கி வரும் விசையில் சரக்கின் முழு எடையையும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் பாதி எடையையும் தாங்க வேண்டும். ஸ்பெயர் வீலும் சரக்குதான். முன்சுவரோடு ஒட்டி நிறுத்தினால் முன்னோக்கிய விசையைச் சுவரே வாங்கிக்கொள்ளும், பெல்ட்டுகள் மற்ற இரண்டைப் பார்த்துக்கொள்ளும். மூலை இடத்தை நான் பரிந்துரைக்க இதுவும் ஒரு காரணம்.

பாடிக்கு மேல் கூடு போட்டவர்களுக்கு இரட்டை வசதி. சக்கரம் கண்ணில் படாது, கூட்டின் பூட்டே காவல். ஆனால் பக்கக் கதவு வழியாகச் சக்கரத்தை எடுக்கலாம் என்று எண்ணாதீர்கள், 1.3 மீட்டர் விளிம்பு அங்கும் அப்படியேதான் இருக்கிறது. வாட் திரும்பப் பெற்று வண்டி வாங்கியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டபுள் கேப் ஒரு டன்னோ அதற்கு மேலோ சுமக்கும் என்றால்தான் வாட் கணக்கில் அது கார் ஆகாது. கடினக் கூடு எதுவானாலும் அதற்கு 45 கிலோ என்று வரித்துறையான எச்எம்ஆர்சி ஒரே கணக்காகக் கழிக்கிறது. 1,020 கிலோ சுமக்கும் வண்டியில் கூடு போட்டால் கணக்கில் 975 கிலோ ஆகிவிடும். கூடு வாங்குமுன் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பின்னால் தொங்கவிடுவது

எப்போதும் பாடி நிறைய ஏற்றுகிறவர்களுக்கும் பெரிய டயர் போட்டவர்களுக்கும் பொருத்தமான இடம் வண்டியின் பின்புறம். டெயில்கேட்டின் மேலேயே திருகிவிடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். டெயில்கேட்டின் கீலும் இரண்டு வடங்களும் ஓடும் வண்டியில் 30 கிலோ குலுங்குவதைத் தாங்கச் செய்தவை அல்ல. அதை ஒரு கையால் திறந்து மூடவும் முடியாது. சேசிஸிலேயே பிடிமானம் எடுத்து, கதவுபோல் பக்கவாட்டில் திரும்பும் கைதான் சரி. சக்கரத்தின் அடிப்பகுதி முழங்கால், தொடை உயரத்தில் இருக்கும், சாய்த்து இறக்கலாம். கை டிரைவர் பக்கம் திறந்தால் நீங்கள் போக்குவரத்துக்குள் நிற்க நேரும். கிளீனர் பக்கம் திறக்கும்படி கீல் வைக்கச் சொல்லுங்கள்.

இந்த ஏற்பாட்டில் சட்டம் அதிகம் குறுக்கிடுகிறது. பதிவெண் பலகை மறையக் கூடாது. மறைந்தால் 1,000 பவுண்டுவரை அபராதம், ஆண்டுச் சோதனையான எம்ஓடியும் தேறாது. பலகையைச் சக்கரத்துக்கு வெளியே நகர்த்தினால் அதற்குரிய விளக்கையும் சேர்த்து நகர்த்த வேண்டும், இரவில் பலகை தெரிய வேண்டும். பின்விளக்குகள், பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் எதையும் சக்கரம் மறைக்கக் கூடாது. வண்டிக்கு நேர் பின்னால் நின்று பார்த்தால் போதாது. இடமும் வலமும் நகர்ந்து, பக்கத்து வரிசையில் வரும் ஓட்டுநரின் கோணத்திலும் பாருங்கள். டெயில்கேட் கைப்பிடியில் உள்ள பின்கேமரா பெரும்பாலும் மறைந்துபோகும். தெருவில் பிள்ளைகள் இருக்கும் இடங்களில் பின்னால் எடுக்கிறவருக்கு அந்தக் கேமரா ஓர் உயிர் காக்கும் சாதனம். கேமராவைச் சக்கரத்தின் நடுவுக்கு மாற்றித் தரும் கடையாகப் பார்த்து வேலை கொடுங்கள்.

நீளமும் பிரச்சினை. லண்டன் கார் பார்க்குகளில் வழக்கமான கட்டம் 4.8 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம். டபுள் கேப் ஹைலக்ஸும் ரேஞ்சரும் ஏற்கெனவே 5.3 மீட்டரைத் தாண்டியவை. பின்னால் சக்கரம் வந்தால் இன்னும் 30 செ.மீ. கூடும். தெருக் கட்டங்களில் கோட்டுக்கு வெளியே நிறுத்தியதற்கான அபராதச் சீட்டுக்குக் கவுன்சில்களிடம் தனிக் குறியீடே உண்டு, எண் 24. டூட்டிங்கிலும் ஈஸ்ட் ஹாமிலும் வெம்பிளியிலும் கடைத்தெருவை நம்பித் தொழில் செய்கிறவர், தினமும் நிறுத்தும் இடத்தை அளந்துவிட்டு இந்த முடிவை எடுக்கட்டும்.

கூரை, பானெட்

கேபின் கூரையிலோ பாடிக்கு மேல் கட்டிய சட்டத்திலோ சக்கரம் வைத்த படங்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியப் பாலைவனத்துக்கு அது சரியாக இருக்கலாம். லண்டனுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வண்டி 1.8 மீட்டர், சட்டம் பத்து சென்டிமீட்டர், சக்கரம் 27 சென்டிமீட்டர், மொத்தம் 2.2 மீட்டரை நெருங்குகிறது. நகரத்தின் பல அடுக்குக் கார் பார்க்குகளின் வாசல் கம்பி இரண்டு மீட்டர் அளவில்தான் தொங்குகிறது. அதைவிட முக்கியமானது, 30 கிலோவைத் தலைக்கு மேலிருந்து மழையில் தனியாளாக இறக்க வேண்டியிருக்கும். முன்பே சொன்ன எடைக் கணக்கு இங்கே முழுக்கத் தோற்றுப்போகிறது.

பானெட் மேல் சக்கரம் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது அட்டன், நுவரெலியா தேயிலைத் தோட்டங்களில் ஓடிய பழைய லேண்ட் ரோவர். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான அந்த வண்டிக் குடும்பத்தின் பானெட் தட்டையானது, உறுதியானது. சக்கரம் அங்கே கம்பீரமாக உட்கார்ந்தது. இன்றைய பிக்கப்பின் பானெட் பாதசாரி மோதினால் அமுங்கிக் கொடுப்பதற்கென்று வடிவமைத்தது. அதன்மேல் இரும்பு ரிம்மைத் திருகுவது அந்தப் பாதுகாப்பை அழிப்பதாகும். ஓட்டுநருக்கு முன்சாலை எப்போதும் முழுமையாகத் தெரிய வேண்டும் என்பது 1986ஆம் ஆண்டின் வாகனக் கட்டமைப்பு விதிகளில் உள்ள கட்டளை. பானெட்டில் சக்கரம் நின்றால், வண்டிக்கு முன்னால் கடக்கும் ஒரு குழந்தை தெரியாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

இடம் முடிவான பிறகு

எம்ஓடியில் ஸ்பெயர் டயரின் தேய்மானத்தைப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அதன் பிடிமானத்தைப் பார்ப்பார்கள்; பிராக்கெட் விரிசல் விட்டிருந்தாலோ சக்கரம் ஆடினாலோ வண்டி தேறாது. அதே டயரை ஓடும் சக்கரமாக மாட்டிய நொடியிலிருந்து, 3.5 டன்வரை உள்ள வண்டிக்கு நடு முக்கால் அகலம் முழுவதும் 1.6 மி.மீ. ஆழம் இருந்தே ஆக வேண்டும். குறைந்தால் ஒரு டயருக்கு 2,500 பவுண்டுவரை அபராதமும் லைசென்ஸில் மூன்று புள்ளிகளும். வெளியில் மாட்டிய சக்கரத்துக்கு உறை போடுங்கள், வெயிலும் மழையும் ரப்பரை வெடிக்க வைக்கும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் முன் அச்சில் பத்தாண்டு கடந்த டயர்களை 2021 பிப்ரவரி முதல் தடை செய்திருக்கிறார்கள். பிக்கப்புக்கு அந்தத் தடை இல்லை. ஆனாலும் உங்கள் ஸ்பெயருக்கும் அதே வயது வரம்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய டயர் போட்டவர்கள் ஸ்பெயரையும் அதே அளவில் வாங்க வேண்டும். அளவு மாறிய சக்கரத்தோடு நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் கியர்ப் பெட்டியும் அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

சக்கரத்தை வெளியிலோ பாடியிலோ நிரந்தரமாகப் பொருத்தியதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள், பதிலைச் சேமித்து வையுங்கள். போனில் சொன்னது விபத்துக்குப் பிறகு நினைவிருக்காது. பிராக்கெட் போட்ட கடையின் ரசீதும் கூடவே இருக்கட்டும்.

ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் சக்கரம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பூட்டு நட் உள்ளவர்கள் அதன் சாவியை எங்கே வைத்தோம் என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். பிராக்கெட்டின் பூட்டுக்கும் சக்கர நட்டுக்கும் ஒரே சாவி போடும்படி வாங்கினால் தேடல் பாதியாகும். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு கனமான பலகைத் துண்டு, நெற்றியில் மாட்டும் விளக்கு, ஒளிரும் மேல்சட்டை ஆகியவையும் அங்கேயே கிடக்கட்டும்.

எங்கே மாற்றக் கூடாது என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். எம்25, எம்1 போன்ற மோட்டர்வேயில் ஓரத்தில் நின்றாலும் சக்கரத்தை நீங்களே மாற்ற முயலாதீர்கள்; சிறிய பழுதைக்கூடப் பார்க்க வேண்டாம் என்கிறது ஹைவே கோட். இடதுபக்கக் கதவால் இறங்கி, தடுப்புக்கு அப்பால் நின்று உதவி கேளுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தை மோட்டர்வேயில் வைக்கவே கூடாது. மற்ற சாலைகளில் குறைந்தது 45 மீட்டர் பின்னால் வைக்கலாம். நார்த் சர்க்குலர், ஏ13, ஏ40 ஆகியவை மோட்டர்வே இல்லைதான், ஆனால் வேகமும் நெரிசலும் அதற்குக் குறைந்ததில்லை. டயர் போனாலும் பரவாயில்லை என்று மெதுவாக உருட்டி, பக்கத் தெருவுக்கோ பெட்ரோல் நிலையத்துக்கோ போய் நிறுத்துங்கள்.

எல்லாம் பொருத்திய அந்த வாரமே, ஒரு ஞாயிறு காலை, வழக்கமாக ஏற்றும் சாமான்களைப் பாடியில் ஏற்றிக்கொண்டு, வீட்டு முன் சமதரையில் ஒருமுறை முழுதாகச் சக்கரம் மாற்றிப் பாருங்கள். யாரையும் உதவிக்குக் கூப்பிடாதீர்கள். கழற்றிய சக்கரத்தை ஸ்பெயர் இருந்த இடத்திலேயே மாட்ட முடிகிறதா என்பதும் இந்தச் சோதனையில் சேரும். அழுக்கும் சேறும் அப்பிய அதே 30 கிலோவை, டயர் போகும் இரவில் எங்காவது கட்டித்தானே வீடு வர வேண்டும். முடியவில்லை என்றால் அதற்கென்று பாடியில் இரண்டு பெல்ட்டைத் தனியாகப் போட்டு வையுங்கள். சக்கர நட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கிவிட்டு, ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். பிராக்கெட்டின் போல்ட்டுகளையும் அதே வேளையில் பாருங்கள்.